துப்பு

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி ஒரு மாதமாக அசையவில்லை.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
நாளுக்கு நான்கு பேரின் எச்சிலைப்
பஞ்சுக்குச்சியில் வாங்கிக்
குப்பியில் அடைத்து எண் ஒட்டி
மைனஸ் எண்பதில் வைப்பது என் வேலை.

எச்சிலில் ஒரு சுரப்பு உண்டு.
அவமானப்பட்டால் ஏறும்.
உடனே அல்ல, இருபது நிமிடம் கழித்து.
அதுவரை இருவரும்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முறை இது:
காலணி கழற்றி எடைப்பொறியில் ஏற வேண்டும்.
எண்ணை நான் உரக்கச் சொல்வேன்.
அதைக் கேட்பதற்கென்றே அறையில் ஓர் ஆள், வெண்டல்.
மணிக்குப் பதினைந்து டாலர்.
கேட்பதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை.
பிறகு நாற்காலி. பிறகு படிவம்.
பிறகு, துப்பு.

பன்னிரண்டாம் எண்,
இரும்புத்தாதுக் கப்பலுக்குச் சரக்கேற்றுபவர்.
எண்ணைச் சொன்னதும் வயிற்றைத் தட்டி
"பியருக்காகக் கட்டிய கிடங்கு" என்றார்.
வெண்டல்கூடச் சிரித்துவிட்டான்.
படிவம் முழுக்க இல்லை.
யாராவது கேலி செய்ததுண்டா? இல்லை.
கண்ணாடியைத் தவிர்ப்பதுண்டா? இல்லை.
சாப்பிடும்போது மற்றவர்கள் பார்ப்பதாக
இல்லை, அடுத்தது என்ன, இல்லை.
அந்த மாத வரைபடத்தில்
எல்லோரையும்விட உயரமான கோடு அவருடையது.
வயிற்றைத் தட்டிய கை நினைவிருக்கிறது.
இரண்டு முறை,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டுவதுபோல.

முப்பத்தொன்றாம் எண் பனிவாரி வண்டி ஓட்டுகிறவள்.
வேலை முடிந்து நேராக வந்தாள்,
பூட்ஸில் சாலை உப்போடு.
நான் கேட்காமலே சொன்னாள்:
மூன்று வருடம் விலாவுக்குக் கீழே வலி.
போன இடத்திலெல்லாம் முதலில் எடை பார்த்தார்கள்,
பார்த்த பிறகு வேறெதையும் பார்க்கவில்லை.
பித்தப்பையில் கல். பதினொன்று.
கொண்டைக்கடலை அளவு.
"என் அண்ணனும் என் எடைதான்.
வயிறு வலிக்குது என்றான்,
அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள்."

இருநூற்று எழுபத்திரண்டு பவுண்டு என்றேன், உரக்க.
வெண்டல் கேட்டான்.
அவள் நாற்காலியைப் பார்த்தாள்.
"கை வைக்காத நாற்காலி இருக்கா?"
கட்டுப்படியாகாத பொருளின் விலையை
விசாரிக்கிற குரலில்.

முன்னால் வந்த முப்பது பேரில் யாரும் இதைக் கேட்டதில்லை.
உட்கார்ந்தார்கள்.
எழும்போது நாற்காலியும் ஓர் அங்குலம் சேர்ந்து எழுந்ததை
நான் பார்த்திருக்கிறேன்.
அதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை.
கட்டம் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

தாழ்வாரத்தில் அச்சுப்பொறி வைத்திருந்த பலகையை
இறக்கி இழுத்துவந்தேன்.
அவள் உட்கார்ந்தாள். முட்டியில் கை வைத்தாள்.
சாக்கடை மூடியில் பனிவாரியின் தகடு மோதினால்
பல்வரை அதிரும் என்று சொன்னாள்.
அது எந்தெந்தத் தெருவில் என்றும் சொன்னாள்.
கடிகாரத்தை நான்தான் பார்க்க மறந்தேன்.

அவள் கோடு ஏறவில்லை.
சற்று இறங்கக்கூடச் செய்தது.

டாக்டர் ஹாகன்சன் பார்த்தார்.
"முறை மீறல்" என்று எழுதி
முப்பத்தொன்றை அட்டவணையிலிருந்து நீக்கினார்.
அவர் செய்தது சரி.
ஒரு பலகை எதையும் நிரூபிக்காது, எனக்கும் தெரியும்.
இருந்தாலும் கேட்டேன்:
அந்த முப்பது பேரிடம் நாம் அளந்தது
நான் சொன்ன எண்ணையா, நாற்காலியையா?
நல்ல கேள்வி,
ஒரு பத்தியாக எழுதிக் கொடு என்றார்.
கோட்டை மாட்டிக்கொண்டார்.

இரவு.
உறைபெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
அளவு நாடாவை எடுத்து
நாற்காலியின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு இழுத்தேன்.
பதினெட்டு அங்குலம்.
உரக்கச் சொன்னேன்.
கேட்க ஆள் இல்லை.