விலகிய புள்ளி

டர்பன் துறைமுகம். மணி மூன்று, விடியாத மூன்று.
ஏழாம் எண் கிரேனின் கண்ணாடிக் கூண்டில்
குபேந்திரன் நாயக்கருக்குப் பின்னால்
மடக்கு நாற்காலியில் நான்.
மடியில் கணினி. காலுக்கடியில்
நாற்பது மீட்டர் வெறும் காற்று.

அவருக்குத் தமிழில் எண்கள் பத்துவரைதான்.
பெட்டிகளை அப்படித்தான் எண்ணுவார்,
பத்துக்கு அப்புறம் மறுபடி ஒன்று.

என் வேலை இவ்வளவுதான்:
திரையில் சுட்டியை நகர்த்தி
ஒரு பொத்தானைத் தொட அவருக்கு எத்தனை நொடி?
தூரம் கூடினால் நேரம் கூடும்.
பொத்தான் சிறுத்தாலும் கூடும்.
ஒன்றை ஒன்றால் வகுத்து மடக்கை எடுத்தால்
புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில்
ஏறி உட்காரும்.

கோட்டைக் காட்டினேன். சிரித்தார்.
"லாரி எட்டி நின்னா லேட்டு,
ஒல்லியா இருந்தா இன்னும் லேட்டு.
இதுக்கா யுனிவர்சிட்டி?"

இதற்குத்தான்.

'பூட்டைத் திற' என்ற பொத்தானை
நடுவிலிருந்து பெயர்த்து மூலையில் நட்டேன்.
எவ்வளவு வேகமாய்த் தள்ளினாலும்
ஓரத்தைத் தாண்டி ஓட முடியாது சுட்டியால்,
முட்டி அங்கேயே நிற்கும்.
கணக்கின்படி
ஓரத்தில் இருப்பதற்கு அகலம் முடிவிலி.
இந்த வரியை எழுதிய இரவு
வெரூலம் வீட்டில் எனக்குத் தூக்கமே இல்லை,
சந்தோஷத்தில்.

பத்துப் பேரின் நேரம் சரிந்தது.
குபேந்திரனுடையது மட்டும் அசையவில்லை.
எப்போதும் பாயிண்ட் நான்கு நொடி மிச்சம்,
கோட்டுக்கு மேலே, தனியாக.
கையுறையைக் கழற்றச் சொன்னேன்.
இருக்கையை உயர்த்தினேன்.
அதே பாயிண்ட் நான்கு.
மேலாளரின் மின்னஞ்சல் வந்தது:
அந்த ஆளை விட்டுவிட்டு சராசரி போடுங்கள்.

அவரிடமே கேட்டேன்.
பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"மூலைக்குச் சட்டுனு போயிடறேனே.
போயிட்டுக் கீழே பார்ப்பேன்.
சிபூசிசோ கையை எடுத்துட்டானான்னு."

கீழே பார்த்தேன்.
லாரிக்கும் பெட்டிக்கும் நடுவில்
ஒரு மஞ்சள் ஹெல்மெட்,
என் பொத்தானைவிடச் சின்னதாக.

சமன்பாட்டின் முதல் எழுத்து ஒரு மாறிலி.
தூரத்தோடும் சேராது, அகலத்தோடும் சேராது.
எதைத் தொடப் போனாலும்
முதலில் கட்டவேண்டிய சுங்கம்.
அவர் பெயருக்கு நேரே அதைத் திருத்தி எழுதினேன்.

பிறகுதான் மற்ற பத்துப் பெயர்களைப் பார்த்தேன்.
நான் மிச்சப்படுத்திக் கொடுத்த நொடிகளை
அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்?

"எட்டு" என்றார் குபேந்திரன்.
பெட்டி இன்னும் தரையைத் தொடவில்லை.