பதினாறுக்குப் பத்து

மெஷினின் தண்டு பத்து மில்லிமீட்டர்.
மார்த்தாண்டத்தில் நான் ஏறிய கடையிலெல்லாம்
ஓட்டை இருபது.

நாலு இஞ்சு பிளேடு இருக்கு,
டைல்ஸ் வெட்டலாம், கிரானைட் வெட்டலாம்,
பகையுள்ள ஆளையும் வெட்டலாம் என்றார்
ததேயு ஹார்டுவேர்ஸ்காரர்.
எனக்கு வேண்டியது அறுபத்து மூன்று.
பல் போன பழையதை
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
"பப்படம் வெட்டவா எக்கா?"

சிரிக்காமல் பஸ் ஏறிக்
கோட்டாறு போனேன்.
நாலாவது கடையில், பரணில், ஒரு தகரப்பெட்டியின் அடியில்
எண்ணெய்த்தாளில் சுற்றிக் கிடந்தது.
அறுபத்து மூன்றேதான்.
எண்பது பல், கனம் அரை மில்லி.
இரும்பில் கோடு கீற
லேத்துக்காரர்கள் வாங்குவதாம்.
ஓட்டை பதினாறு.

பார்வதிபுரத்தில் பிறைட்சிங்கின் பட்டறை.
பதினாறுக்குப் பத்து,
பித்தளையில் ஒரு வளையம் போட்டால் தீர்ந்தது என்றான்.
தீரவில்லை.
"வளையம் பிளேடைவிடத் தடியா இருந்தா
நட்டு வளையத்தப் பிடிக்கும்,
பிளேடு தன்பாட்டுக்குச் சுத்தும்.
ஒரு மயிரு கொறயணும்."
மூன்றுமுறை கடைந்தான்.
மூன்றாவதை ஊதி ஆற்றி
என் கையில் வைத்தான்.
தோற்ற இரண்டையும் கேட்டு வாங்கினேன்,
ஜெஃப்ரினாவின் பொம்மைக்கு வளையல்.

அவள்தான் கேட்டது,
"அப்பா அங்க எங்க படுக்கும்?"
அதற்குத்தான் இவ்வளவும்.
ஷார்ஜாவில் அவர் இருக்கும் அறையை
அடிக்கு ஒரு அங்குலமாக
ரப்பர் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன்.
மெஷினும் அவர் கொண்டுவந்ததுதான்,
போனமுறை, புளியும் மீனும் கொண்டுபோன அதே பெட்டியில்.
அளவெல்லாம் போனில் சொன்னார்:
சுவர் பன்னிரண்டு அடி.
கட்டில் ஆறடி ஓரங்குலம்.
ஆள் எட்டு. மேலும் கீழுமாக
நாலு இரட்டைக் கட்டில்.

பழைய பிளேடு இரண்டு மில்லி தடி.
ஆடி ஆடித்தான் அறுக்கும்.
போட்ட கோட்டைத் தின்றுவிட்டு
அப்பால் போய் நிற்கும்.
அதில் வெட்டிய கட்டில்கள்
நாலும் அறைக்குள் அடங்கின.
கதவுகூடத் திறந்தது.

புதிதில் வெட்டினேன்.
கோடு அப்படியே நின்றது.
கத்தரித்த நகம்போல் தூள்,
ஈரத்துணியில் படுகிறதென்று
மாடியிலிருந்து லில்லிபாய் கத்தினாள்.
ஒரு சுவரோரம் இரண்டு கட்டில்,
தலையும் காலும் முட்ட வைத்தேன்.
நாலு மில்லி மிஞ்சியது.
சுவரை அளந்தேன், சரி.
கட்டிலை அளந்தேன், சரி.
மறுபக்கம் திருப்பினால் கதவு இடிக்கிறது.
பிளேடைக் குறைசொல்ல வழியில்லை.

வெள்ளிக்கிழமை போனில் கேட்டேன்.
சுவர் எத்தனை அடி சொன்னிய?
பன்னெண்டு.
கட்டில்?
அவர் ஏதோ மென்றுகொண்டிருந்தார்,
நிறுத்தினார்.
"மூணு கட்டில்தான் பிள்ளே.
சாஜன் பகலு, நான் ராத்திரி.
அவன் எழும்பிப் போவான்,
நான் வந்து கிடப்பேன்.
ஏசி உண்டும், சூடொண்ணும் இல்ல."

நாலாவது கட்டிலுக்கு வெட்டிய சட்டங்கள்
பதினான்கு,
ஏணிப்படி ஐந்து.
எல்லாம் அளவு சரி.
பிளேடைக் கழற்றி எண்ணெய் தடவினேன்.
வளையம் கழன்று மேசையில் உருண்டது,
ஜெஃப்ரினா எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு
அறைக்குள் பார்த்தாள்.
"அப்பாவுக்க கட்டில் எது?"

கதவுப்பக்கம், கீழே உள்ளது என்றேன்.
அதை நான் கேட்டிருக்கவில்லை.