இருபத்து மூன்றாம் நகர்வு

குட்டாய்சியில் அந்தக் குளிர்காலம்
கரண்ட் எட்டு மணிக்கு வரும்,
பத்துக்குப் போய்விடும்.
சில நாள் வராமலே போய்விடும்.

கார் ஆலையை மூடியபோது
சம்பளப் பாக்கிக்குப் பதில்
கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டரைத் தந்தார்கள்.
குழந்தை வண்டி ஒன்றை இரவல் வாங்கி
போர்வை போர்த்தி உருட்டிக்கொண்டு வந்தேன்.
வழியில் இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.
சாவிப்பலகையில் ஏழு மட்டும் இல்லை,
பென்சில் முனையால் குத்த வேண்டும்.

மோடம் மட்டும் என் காசு.
சந்தையில் மாண்டரின் பழத்துக்கு நடுவே வைத்து விற்ற ரெவாஸ்
அம்மா மேல் ஆணையாகச் சொன்னான்:
"கம்பியில் மாட்டு லமாரா, மீதியை அது பேசிக்கொள்ளும்."
பேசியது.
எங்கள் எக்ஸ்சேஞ்ச்தான் காது கொடுக்கவில்லை.
செவிடன் காதில் சங்கு,
மூன்று இரவு, ஆறு மணி நேரக் கரண்ட்.

பிறகு புரிந்தது.
மோடம் எண்களைப் பாடிக் காட்டுகிறது.
குருஷேவ் காலத்து எக்ஸ்சேஞ்சுக்குப் பாட்டு ஏறாது,
டயலைச் சுழற்றிவிட்டால் விழுமே, டக் டக்,
அப்படித் தட்டிச் சொல்ல வேண்டும்.
கட்டளையில் ஒரே எழுத்து:
டி-யை அழித்துப் பி போட்டேன்.
"டயல் ஒலிக்குக் காத்திரு" என்ற கட்டத்தில்
குறியையும் எடுத்துவிட்டேன்.
ரொட்டிக்குக் காத்திருக்கிறேன், மண்ணெண்ணெய்க்குக் காத்திருக்கிறேன்,
இதுவாவது காத்திருக்காமல் இருக்கட்டும்.

மீதி இருந்தது சியாலா.
கீழ்வீட்டுக்கும் எனக்கும் ஒரே கம்பி,
அந்தக் காலத்துச் சிக்கனம்.
அவள் எடுத்தால் என் போன் பிணம்,
நான் எடுத்தால் அவளுடையது.
இருபது வருடமாக நாங்கள் பேசிக்கொள்வது
ஹீட்டர் குழாயில், கரண்டியால்.
இரண்டு தட்டு: வை.
மூன்று தட்டு: வைடி.

எதற்கு இவ்வளவும் என்றால்,
தொண்ணூற்று இரண்டில் மொண்டேவீடியோவுக்கு
ஓர் அஞ்சலட்டை போட்டேன்.
இருபத்து மூன்றாம் நகர்வு, குதிரை எஃப் ஐந்து.
இங்கே சண்டை மூண்டது, தபால் நின்றது.
அட்டை எந்தச் சாக்கில் கிடக்கிறதோ,
ஒராசியோ எச்செவெர்ரி
நான் தோற்று ஓடிவிட்டதாகவே நினைத்திருப்பார்.

பலகையைக் கலைக்கவில்லை.
தூசி துடைக்கிற நாளில்
ஒவ்வொரு காயாகத் தூக்கி அதே கட்டத்தில் வைப்பேன்.
விறகில்லாத ஜனவரியில் இரண்டு நாற்காலியை எரித்தேன்,
காய்களும் மரம்தான்,
அந்தப் பக்கம் திரும்பவில்லை.
போன மாதம் ஒரு செஸ் பத்திரிகையின் பின்பக்கத்தில்
அவர் பெயர், நடுவில் சுழி போட்ட ஏ.

வியாழன், எட்டு பத்து.
டக் டக் டக்.
பிறகு தகர டப்பாவில் ஜல்லி கொட்டிக் குலுக்கியதுபோல் ஓர் இரைச்சல்,
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைதான் இணைப்பு.

எழுதினேன். எழுதியதை அழித்தேன்.
ஏழு வருட மன்னிப்பை எந்த மொழியில் கேட்பது?
கடைசியில் நகர்வை மட்டும் போட்டேன்.

குழாயில் இரண்டு தட்டு.
திரையில் நீலக் கோடு பாதி வந்திருந்தது.
மூன்று தட்டு.
பிறகு எண்ண முடியாத தட்டு,
பிறகு மாடிப்படியில் செருப்பு.

கரண்டியோடு நின்றாள் சியாலா.
"வியாழக்கிழமை என் தங்கை ருஸ்தாவியிலிருந்து கூப்பிடுவாள்,
இருபது வருடமாகத் தெரியாதா உனக்கு?"
தெரியாது.
திட்டிக்கொண்டே வந்தவள்
அலமாரி அருகில் நின்றுவிட்டாள்.
"யார் நகர்வு?"
"என்னுடையது. குதிரை எஃப் ஐந்து."
கரண்டிக் காம்பால் கறுப்பு ராணியைத் தொட்டாள்.
"இவள் ஏ ஐந்துக்கு வந்தால்?"

பார்த்தேன்.
அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது அது.
பின்னால் கம்ப்யூட்டர் ஒருமுறை மணியடித்தது:
அனுப்பப்பட்டது.

நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தாள்.
தங்கையை மறந்துவிட்டாள்.
"பொறு, யானையைக் குறுக்கே விட்டால்
தோல்வி கொஞ்சம் தாமதமாகும்."
எவ்வளவு தாமதம் என்று கேட்பதற்குள்
பத்தடித்துக் கரண்ட் போனது.

இருட்டில் அவள் யானையை வைத்த சத்தம்.
எடுத்து, மறுபடி வைத்த சத்தம்.
பழக்கதோஷம்,
நான் போனை வைக்கப் போனேன்.