பர்வாலேது

பொதட்டூர்பேட்டை தாண்டி, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்
நாற்பத்தொரு வீடு.
ஆறு வருஷம் முன்பும் இதே படிவம், இதே கேள்வி:
பொதுவாக உங்கள் உடல்நிலை எப்படி?
மிக நன்று, நன்று, சுமார், மோசம்.

நாகபூஷணத்துக்கு எல்லா அளவும் சரி.
பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. சர்க்கரை கிடையாது.
"மோசம்னு போடும்மா" என்றார்,
பால் கணக்கு எழுதச் சொல்வது போல.
அடுத்த தைக்கு அவர் இல்லை.

தேசம்மாவுக்கு சர்க்கரை முந்நூற்றுப்பத்து.
இடது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று.
"எனக்கென்ன கேடு?" என்றார்.
இன்று போனால் வீடு பூட்டியிருக்கிறது.
நகரி சந்தைக்கு ஆடு ஓட்டிப் போயிருக்கிறாராம்.

பயிற்சியில் சொன்னார்கள்:
அவர்கள் வாய்ச்சொல்லும் ஓர் அளவுதான்,
திருத்தாமல் எழுதுங்கள்.

நான் திருத்தியிருக்கிறேன்.
செங்கல்வராயன் அன்று சொன்னது
"பர்வாலேது".
தமிழில் பரவாயில்லை.
எந்த மொழியிலும் அதற்குக் கட்டம் இல்லை.
மழை பிடித்துக்கொண்டது, தாள் நனைந்தது,
நன்றுக்கும் சுமாருக்கும் நடுவே நின்ற பேனா
ஏதோ ஒன்றில் இறங்கியது.

இப்போது மோட்டார் கொட்டகை வாசலில்
ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்கிறார்:
"போன தடவை எனக்கு எதப் போட்ட?"
பழைய தாள் பையில்தான் இருக்கிறது.
எடுக்கவில்லை.
"நீங்க சொன்னதத்தான்."
"அப்ப இன்னிக்கும் அதையே போடு"
என்று குனிந்து சுவிட்சைத் தட்டுகிறார்.
தண்ணீர் இருமி இருமி வருகிறது.

நான்கு கட்டம்.
இன்று மழையும் இல்லை.