கொசுறு

வெள்ளத்தைக் காரணம் சொல்லலாம்.
கடலூரில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் காரணம் அது.
ஆனால் கெடிலம் கரை மீறுவதற்கு முன்பே
மூன்று தவணை நான் கட்டியிருக்கவில்லை.
நாத்தனார் மகள் சடங்குக்கு ஒரு ஜோடித் தோடு,
ஓடாத மெஸ்ஸுக்கு ஒரு ஃபிரிட்ஜ்,
பழைய கடனை அடைக்க ஒரு புதுக் கடன்.
தண்ணீர் வந்தது. சாக்கும் வந்தது.

அறிக்கையை முழுசாகப் படித்தது இப்போதுதான்,
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடையில், நின்றுகொண்டே.
பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.
குடியிருந்த வீடெல்லாம் வரிசையாக இருக்கிறது:
புதுப்பாளையம், பாதிரிக்குப்பம், செம்மண்டலம்,
மறுபடி பாதிரிக்குப்பம்.
தூக்கிப்போட்ட நான்கு சிம் நம்பர்களும்.
வசூல்காரன் கண்ணில் படாமல்
ராத்திரியில் சாமான் ஏற்றிய தெருக்களை
கதவு எண் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.
பிசகியது பெயர்தான்.
தில்லைக்கரசியில் ஒரு எழுத்தைக் காணோம்.

ஐந்நூற்று எண்பத்து மூன்று.
இந்தப் பரீட்சையில் முட்டை கிடையாது,
அடிமட்டமே முந்நூறு.
எதிர்வீட்டு அலமேலு ஆயுசுக்கும் கடன் வாங்கியதில்லை,
அவளுக்கு மார்க்கே இல்லையாம்.
இதில் எனக்கு ஏன் ஆறுதல் என்று தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்: செட்டில்டு.
அறுபத்தோராயிரத்துக்கு முப்பத்தெட்டாயிரம் கொடுத்து
இத்தோடு விடுங்கள் என்று கையெழுத்துப் போட்டேனே, அது.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு மரியாதை அதிகம்.
மஸ்கட்டில் செட்டிலாயிட்டான் என்றால்
பெண் கொடுக்க நாலு பேர் வருவார்கள்.
இங்கே அது
சாப்பிட்டவர் மூடாமல் எழுந்து போன இலை.
மெஸ் நடத்தியவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

இருபத்து மூவாயிரம் சேர ஒன்றரை வருஷம் ஆனது.
எடுத்துக்கொண்டு இம்பீரியல் ரோட்டுக் கிளைக்குப் போனேன்.
மீதியைக் கட்ட வந்திருக்கேன் என்றதும்
கவுன்ட்டர் பையன் நிமிர்ந்து பார்த்தான்.
"யாரும் கேக்கலையேம்மா."
அதனாலதான் தம்பி வந்தேன்.
மேனேஜர் வந்தார். சிஸ்டம் திறக்கவில்லை.
டீ சொன்னார்கள். இதே ஆபீஸ்
என் அம்மாவுக்குப் போன் போட்டு என்னென்ன பேசியது
என்று நினைத்தபடி குடித்தேன். சர்க்கரை தூக்கல்.
நாற்பது நாள் கழித்து அந்தச் சொல் மாறியிருந்தது:
குளோஸ்டு.
இலையை மூடியாயிற்று.

அப்புறம் பதினைந்தாயிரத்தை டெபாசிட்டில் பூட்டி
அதன் பேரில் ஒரு கார்டு.
என் பணத்தைக் கொடுத்து
என் பணத்தையே கடன் கேட்கிறேன்.
மாதம் ஒரு சிலிண்டர், ஒரு டின் எண்ணெய்,
அதற்கு மேல் ஒரு ரூபாய் தேய்ப்பதில்லை.
கெடு ஒன்பதாம் தேதி, நான் நாலாம் தேதியே கட்டிவிடுவேன்.
அறுநூற்றுப் பதினேழு.
அறுநூற்று நாற்பத்திரண்டு.
அவசரப்பட்டு இரண்டு இடத்தில் லோன் விசாரித்தேன்,
ஒன்பது குறைந்தது.
கேட்டாலே குறையும் என்று யார் சொன்னார்கள்?
இந்த ஆடியில் எழுநூற்று நான்கு.
கிரைண்டர் லோனுக்கு எழுநூற்றைம்பது வேண்டுமாம்.

அறிக்கையில் ஏறாத பாக்கி ஒன்று உண்டு.
பான்பரி மார்க்கெட், மூன்றாவது வரிசை,
மெகருன்னிசா காய்கறி.
அவளைத் தாண்ட வேண்டியிருக்குமே என்று
ஏழு வருஷமாக உழவர் சந்தைக்குச் சுற்றிப் போனேன்.
மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.
"ரெண்டாயிரத்து நானூறு," என்றாள்
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"தேங்காய்க்கு நூத்தம்பது தனி."
எண்ணினாள். எச்சில் தொட்டு இன்னொரு தரம் எண்ணினாள்.
வட்டி கேட்கவில்லை,
இத்தனை நாள் எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை.
அரைக் கிலோ கத்தரிக்காய் நிறுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.
பையின் அடியில்,
நான் கேட்காமலே,
ஒரு கொத்துக் கறிவேப்பிலை.