ஆளி

இந்த வருசம் என் வட்டாரத்துக்குப்
பன்னிரண்டு பல்ப்.
விண்ணப்பம் நாற்பத்தேழு.
அதில் மூன்று ஒரே கையெழுத்து,
பெயர்தான் வேறு.

"பங்கிடுறது உங்கட பாடு" என்றார் தவிசாளர்.
செயலாளர் ஒன்றும் சொல்லவில்லை,
பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்
அடிமட்டம் வைத்து.

ஸ்கூட்டியை எடுத்தால்
நட்டாங்கண்டல் சந்திக்கு முன்னமே மறிப்பார்கள்.
மதகுக் குழாய் உடைந்துபோச்சு.
சுடலைப் பாதையில் தண்ணீர்,
நேற்றுப் பிரேதத்தை ரக்ரரில்தான் கொண்டுபோனது.
பிறப்புச் சான்றிதழில் மகள் கெங்காவுக்கு
கொம்பு விட்டுப்போச்சு.
கொம்பு என் வேலை இல்லை.
கொப்பியில் இடம் இருந்தது, எழுதிக்கொண்டேன்.

பவுசர் செவ்வாயும் வெள்ளியும்.
சாரதிக்குக் காய்ச்சல் என்றால் புதன்.
புதனில் வந்தால் வாளிக்காரர் வயலில்.
அதற்கும் என்னைத்தான் பேச்சு.
மாதக் கொடுப்பனவில் பாதி பெற்றோல்,
மீதி செத்தவீடுகளுக்கு.

ஒன்பது பல்ப் எப்படியோ போய்ச் சேர்ந்தன.
பத்தாவது குளக்கட்டில்.
அடுத்த கிழமையே ஒரு யானை
அந்தக் கம்பத்தில் முதுகு சொறிந்துவிட்டுப் போனது.
பதினோராவது வாய்க்கால் ஒழுங்கைக்கு.

ஏழரைக்கு ரியூசன் விட்டு
பெட்டைகள் அதால்தான் வருகிறார்கள்.
இலக்கத்தகடு இல்லாத மோட்டார்சைக்கிள் ஒன்று
பின்னால் மெல்ல மெல்ல உருளுது என்றாள் ஒருத்தி.
பெயர் எழுதவேண்டாம் என்றாள்.
எழுதவில்லை.
பல்பைப் போட்டேன்.

மார்கழி நடுவில் கேதாரநாதன் வந்தார்.
அவர் எனக்கு வாக்குப் போடாதவர்,
மற்றச் சின்னம் இன்னும் அவர் படலையில் கிழிந்து தொங்குகிறது.
மேசையில் இரண்டு நெற்பயிரை வைத்தார்.
ஒன்று கதிர் தள்ளியிருந்தது,
மற்றது வெறும் பச்சை.
"இது உங்கட வெளிச்சத்துக்குக் கீழ நிண்டது."
மொட்டைக்கறுப்பன்.
இருட்டைப் பார்த்துத்தான் குடலை கட்டும்.
குத்தகைக் காணி, மிசின் லீசிங்கில்.
"கதிர் வராட்டியும் லீசிங்காரன் வருவான்."

கூட்டத்தில் சொன்னேன்.
"நெல்லை நித்திரையாக்கவும் தீர்மானமோ?"
ஒரு உறுப்பினர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.
ரைமர் போடலாமாம்,
விலைமனு மூன்று வேண்டுமாம்,
மூன்றும் வருவதற்குள் அரிவுவெட்டு முடிந்துவிடும்.

மின்வேலைப் பெடியன் நிருபன்
என் உயரத்துக்கு ஒரு ஆளி பூட்டி
மழைக்குப் பொலித்தீன் சுற்றிவிட்டான்.
ஆர் தட்டுறது?
கேதாரநாதன் ஆறு மணிக்கே அணைத்துவிடுவார் என்றார்கள் தாய்மார்.
தாய்மார் விடியும்வரை விட்டுவிடுவார்கள் என்றார் அவர்.
இரண்டு பகுதியும் நம்புகிற ஆள் நானில்லை,
இரண்டு பகுதியும் ஏசக்கூடிய ஆள் நான்தான்.

"ஊரை ஆளப் போறன் எண்டு போனனீ,
இப்ப ஆளி தட்டப் போறியோ" என்கிறார் என் மனுசன்,
புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டு.

ஆறே காலுக்குப் போட்டு
எட்டுக்கு அணைக்கவேண்டும்.
இடையில் வீட்டுக்குப் போய்வரப் பெற்றோல் காணாது.
கம்பத்தடியில் நின்று கொப்பியைத் திறக்கிறேன்.
கெங்காவின் கொம்புக்கு யாரைப் பிடிப்பது?
பூச்சிகள் பக்கத்தில் விழுகின்றன.
நாலு சைக்கிள். ஐந்து.
ஆறாவது பிந்துகிறது.
தூரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் வருகிறது,
வெளிச்சத்தில் என்னைக் கண்டு
ஒழுங்கை முகப்பிலேயே திரும்பிப் போகிறது.
இலக்கம் பார்க்க முயன்றேன். இல்லை.
பிறகு ஆறாவது சைக்கிள்,
செயின் கழன்று உருட்டிக்கொண்டு,
கையெல்லாம் கிறீஸ்.

தட்டினேன்.
இருட்டு ஒரேயடியாக வயலுக்குள் இறங்கியது.
கண் பழகினபிறகுதான் தெரிந்தது
வரம்பில் ஒரு ஆள்.
எவ்வளவு நேரம் நின்றாரோ.
நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.
தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குப் பவுசர் வருமோ?"

காய்ச்சல் மாறினால் வரும் என்றேன்.