சைலன்சர்

சாவியைத் திருப்பியதும்
வண்டி அலறியது.

காலை ஆறேகால்.
மூன்றாம் மாடிக்காரர் பல் துலக்கும் நுரையோடு
எட்டிப்பார்த்து
மராத்தியில் என் வம்சத்தை விசாரித்தார்.
ஏழு வருஷமாக முனகலுக்கு மேல்
குரல் உயர்த்தாத ஈக்கோ.

மழை காயாத தரையில் கன்னம் வைத்துப் பார்த்தேன்.
வயிற்றில் ஒரு முழ நீளத்துக்கு
ஒன்றுமில்லை.

பின்சக்கரத்தருகே ஒரு காகித டீ கப்,
அதற்குள் நான்கு போல்ட்.
அவசரமில்லாமல் கழற்றியிருக்கிறார்கள்.
என் ஜன்னலிலிருந்து பதினெட்டு அடி.
நான் ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்குகிறவள்.

ஆனாலும் பள்ளிக்கூடம் ஏழு மணிக்கு.
ஆன்டாப் ஹில்லிலிருந்து அலறிக்கொண்டே போனோம்.
நிலோஃபர் காதைப் பொத்திக்கொண்டாள்.
சாகேத் மட்டும் "ஆன்ட்டி, பிளேன்! பிளேன்!" என்று
இறங்க மறுத்தான்.
வடாலா சிக்னலில் அபராதம் போட்டவரிடம்
திருட்டுப் போய்விட்டது என்றேன்.
"வண்டி இங்கேதானே இருக்கிறது?"

ஸ்டேஷனில் ஹவல்தார் தாம்ளே
பேனாவை மேஜையில் தட்டினார்.
என்ன காணோம்?
சைலன்சர்.
சத்தம் கூடித்தானே இருக்கிறது, எதுவும் குறையவில்லையே,
என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து எழுதினார்:
பெயர் எஸ்தர் பொன்னுத்தாய்,
தொழில் ஸ்கூல் வேன்,
களவுபோன பொருளின் மதிப்பு
என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்.
எனக்குத் தெரியவில்லை.

தெரிந்திருந்தது குர்லாவில் இஸ்ரார் பாய்க்கு.
உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கல் பெஹன்ஜி,
புகையைச் சுத்தம் பண்ணுகிற கல்,
அதன் துளைகளில் பூசியிருப்பது
பிளாட்டினம், பல்லேடியம், இன்னொன்று,
வாயில் நுழையாத பெயர்,
தங்கமெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.
இடித்துத் தூளாக்கி
டீத்தூள் போலப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
லாக்டவுனில், ஏற்றப் பிள்ளைகளே இல்லாத மாதங்களில்
இந்த வண்டியின் தவணைக்காக
முதலில் கம்மல், பிறகு வளையல்,
கடைசியில் சங்கிலி,
சயான் சேட்டிடம் வரிசையாகப் போயின.
வேறு ஏதும் இல்லையா என்றார் சேட்.
பொட்டுத் தங்கம் இல்லை என்று
பிள்ளைமேல் சத்தியம் செய்தேன்.
அவர் கடை வாசலில்தான் நின்றிருந்தது
தங்கத்தைவிட உசந்ததை மடியில் முடிந்துகொண்டு,
ஒரு வார்த்தை பேசாமல்.

மடியில் கனம்.
வழியில் பயமில்லாமல்
ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

புதியதன் விலை என் மூன்று மாதச் சம்பாத்தியம்.
இஸ்ரார் பாய் குரலைத் தாழ்த்தினார்:
பழையது ஒன்று இருக்கிறது, ஈக்கோவுடையதே,
உள்ளே கல் கிடையாது,
ஆனால் சத்தம் வராது.
கோணிக்குள்ளிருந்து எடுத்தார்.
நம்பர் இருந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது.
இடது ஓரத்தில் ஒரு நசுங்கல்,
கோக்ரி ஆகார் வேகத்தடையில்
என் வண்டி போன வருஷம் இடித்த அதே இடம்.
எல்லா ஈக்கோவும் அங்கேதான் இடிக்கும் என்றார்
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

பேரம் பேசினேன்.
இருநூறு குறைத்தார்.
போல்ட் வேண்டுமே என்றவரிடம்
கைப்பையிலிருந்து டீ கப்பை எடுத்து நீட்டினேன்.
நான்கும் ஒரு முனகல் இல்லாமல் ஏறின.

அவர் முறுக்கிக்கொண்டிருக்கும்போது
தாம்ளேயின் போன்.
அந்த மதிப்பு இன்னும் காலியாகவே இருக்கிறது மேடம்,
என்ன போடட்டும்?
உங்களுக்கு எவ்வளவு தோன்றுகிறதோ போடுங்கள் என்றேன்.

மறுநாள் வண்டி பழையபடி முணுமுணுத்தது.
மூன்றாம் மாடி ஜன்னல் திறக்கவில்லை.
சாகேத் என்னோடு பேசவில்லை.
சிக்னலில் நிற்கும்போது
பின்சீட்டிலிருந்து நிலோஃபர் மூக்கைச் சுருக்கினாள்:
ஆன்ட்டி, என்ன நாத்தம்?

முன்னால் போகிற லாரி, என்றேன்.
முன்னால் லாரி எதுவும் இல்லை.
கண்ணாடியை ஏற்றிவிடு, என்றேன்.